எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு: நம்ம கரைப் பிள்ளைகளுக்கு எந்த வழி?

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது எங்கள் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வீட்டுக்குள் காசு வராத அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளையை எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பாம்பன் பஸ் ஸ்டாப்பில் தொடங்கித் தொண்டி வரைக்கும் ஒட்டிவிடுவார்கள். பாராமெடிக்கல் படிப்பு, நூறு சதவீதம் வேலை, இன்னும் சில இடங்களே பாக்கி.

போன வருடம் அப்படி ஒரு நோட்டீஸை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓர் அக்கா நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு வந்தார். பாம்பன் சின்னப்பாலத்துக்காரர். கடல்பாசி எடுப்பவர். முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவர், படம் எடுத்து முடிந்ததும் நோட்டீஸை நீட்டினார். "தம்பி, ஒங்க வேலைதானாமே இது. எம்மகளைச் சேர்க்கலாமா? முன்பணம் பத்தாயிரம் இன்னைக்கே கட்டச் சொல்றாக."

"இன்னைக்கு மட்டும் கட்டாதீங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன். மீதியை அடுத்த வாரம் அந்தப் பெண்ணையே உட்கார வைத்துப் பேசினேன். அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கோர்ஸ் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். இந்தச் சான்றிதழை நாளைக்கு யார் கையில் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் தொழிலில் அப்படிப் பார்ப்பவர்கள் மூன்று பேர். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி. எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏஇஆர்பி. மூன்றாவது, வளைகுடா நாட்டுக்காரர்களுக்காக நம் படிப்பைச் சரிபார்க்கும் கம்பெனி. இந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூடப் புரியாத சான்றிதழ் என்றால் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மாடி மேல் ஒரு வருடம்

நானும் நோட்டீஸை நம்பிப் போனவன்தான். ப்ளஸ் டூ முடித்த வருடம், ஒரு கடைக்கு மேல் மாடியில் நடந்த இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருட எக்ஸ்ரே கோர்ஸில் சேர்ந்தேன். அம்மாவின் சங்கிலி ஒன்று அதற்காகப் போனது. அங்கே எக்ஸ்ரே மெஷின் இருந்தது. ஆனால் உள்ளே கதிரை உண்டாக்கும் ட்யூப் கிடையாது. அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் நோயாளியாக நிறுத்தி "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒத்திகை பார்த்தோம். ட்யூப் இல்லாமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான். இருந்திருந்தால் மாறி மாறிச் சுட்டிருப்போம்.

வருடக் கடைசியில் தங்கநிற முத்திரை பதித்த சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, எந்த மருத்துவமனையின் பெயரும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன முதல் இடத்தில், சீனியர் டெக்னீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "டீ வாங்கிட்டு வர ஆள் வேணும், நிக்கிறியா?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. ஆறு மாதம் அங்கே நின்றேன். அப்புறம்தான் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

எல்லா ஒரு வருடக் கோர்ஸும் பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. பெரிய மருத்துவமனைகள் தங்கள் எக்ஸ்ரே அறைக்கே உதவியாளரைப் பயிற்றுவிக்கும் கோர்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் படித்தவர்களுக்குக் கைவேலை நன்றாகவே வரும். ஆனால் 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதார நிபுணர்கள் ஆணையச் சட்டத்தைப் பாருங்கள். அது டிப்ளமோ, பட்டம் இரண்டையும் அங்கீகரிக்கிறது. ஆனால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் என்று எல்லை வைத்திருக்கிறது. மேல்படியில் வைக்கும் சுகாதார நிபுணர் என்ற பெயருக்கு 3,600 மணி நேரம், மூன்று வருடத்துக்குக் குறையாத பட்டம். நாடு போகிற போக்கு அதுதான். ஒரு வருடக் காகிதத்துக்கு இனிமேல் மதிப்பு குறையுமே தவிரக் கூடாது.

ஒரு இடத்தைப் பார்க்கப் போனால் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். "பிள்ளைகள் எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் நிற்பார்கள்?" பதில் மருத்துவமனையின் பெயரோடு வந்தால், அங்கேயே நேரில் போய் எக்ஸ்ரே அறையில் விசாரியுங்கள். "அதெல்லாம் ஏற்பாடு பண்ணிடுவோம்" என்று வந்தால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.

அரசு டிப்ளமோ, இரண்டு வருடம்

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட ரேடியோகிராபி படிப்பு இருக்கிறது. பழைய ஆட்கள் சிஆர்ஏ என்பார்கள், இப்போது ரேடியோ டயக்னாசிஸ் டெக்னாலஜி டிப்ளமோ என்ற பெயரும் புழங்குகிறது. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், நீட் கிடையாது. கட்டணம் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். விண்ணப்பம் ஆன்லைனில். நடத்துவது சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது அந்தந்த வருட விளக்கக் கையேட்டில் இருக்கும். நோட்டீஸைப் படிக்கிற கவனத்தில் பாதியை அந்தக் கையேட்டுக்குக் கொடுத்தாலே போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தனியார் ஆட்கள் மே மாதமே வாசலில் நிற்பார்கள். அரசுக் கலந்தாய்வு நடந்து இடம் ஒதுக்கி முடிய மாதக்கணக்காகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நம் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தாய் தகப்பனுக்குப் பொறுக்காது. அந்தப் பொறுக்காமையை வைத்துத்தான் முன்பண வியாபாரமே நடக்கிறது.

நான் தொழில் கற்றது இந்த இரண்டு வருடத்தில். வகுப்பில் கற்றதைவிட அறையில் கற்றது அதிகம். ஒரு நாள் சாயல்குடி பக்கம் பனையிலிருந்து விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். முதுகெலும்பை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். மாடி இன்ஸ்டிடியூட்டில் பக்கவாட்டுப் படம் என்றால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்றுதான் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அவர் தோளில் கை வைத்தேன். சீனியர் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவரைத் திருப்பாதே. ட்யூபைத் திருப்பு."

உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில், டி12, எல்1 என்று நாங்கள் சொல்லும் எலும்புகளில்தான் அடி இறங்கும். உடைந்த துண்டு தண்டுவடத்தை நெருங்கி நிற்கும்போது ஆளை உருட்டினால், நடந்திருக்க வேண்டிய கால் நடக்காமல் போகலாம். அதனால் அவரை மல்லாக்கவே விட்டுவிட்டு, படம் பதியும் கேசட்டைப் பக்கத்தில் நிறுத்தி, ட்யூபைக் கிடைமட்டமாகச் சாய்த்து எடுத்தோம். படத்தில் எல்1 முன்பக்கம் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. இதைப் புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்துவிடலாம். ஆனால் அலறுகிற மனிதர், அழுகிற மனைவி, பின்னால் வரிசையில் நிற்கிற முப்பது பேர், இவர்களுக்கு நடுவில் அந்தப் பத்தி ஞாபகம் வர வேண்டும். அரசு மருத்துவமனைக் கூட்டம் கற்றுத் தருவது அதைத்தான்.

எங்கள் கரைக்கென்றே சில படங்கள் உண்டு. தூண்டில் முள் ஏறிய விரல், திருக்கை முள் குத்திய பாதம். திருக்கை முள்ளின் உடைந்த நுனி உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். மெல்லிய சமாச்சாரம், மின்னளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் படத்தில் கருகிக் காணாமல் போகும்.

அரசு வேலைதான் குறி என்றால் இந்த இரண்டு வருடப் படிப்பைக் குறைத்து எடைபோட வேண்டாம். எம்ஆர்பி ரேடியோகிராபர் பணிக்கு அறிவிக்கை விடும்போது கல்வித் தகுதி என்று ஒரு வரி இருக்கும். பழைய அறிவிக்கைகளை எடுத்து அந்த வரியை மட்டும் படியுங்கள். பட்டம் பெரியது, டிப்ளமோ சின்னது, பெரியதை வைத்திருப்பவர் சின்ன வேலைக்கும் போகலாம் என்பது நம் வீட்டுக் கணக்கு. அரசு அறிவிக்கை அப்படிக் கணக்குப் போடாது. கேட்ட காகிதம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

பி.எஸ்சி: மூன்று வருடமும் மேலே ஒன்றும்

பி.எஸ்சி ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. இதற்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அவையும் அதே தேர்வுக்குழு வழியாகத்தான் நிரம்பும். வேலூர் சிஎம்சி தனியாக நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934-இல் தொடங்கிய பர்னார்டு கதிரியல் நிலையம் இருக்கிறது. இந்தத் தொழிலில் அது மூத்த வீடு, அங்கே இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

டிப்ளமோவுக்கும் இதற்கும் உண்மையான வித்தியாசம் சிடியிலும் எம்ஆர்ஐயிலும் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் இரண்டு பேரும் ஒன்றுதான். சில நேரம் டிப்ளமோக்காரர் கை வேகமாகவே இருக்கும். ஆனால் எம்ஆர்ஐயில், படம் ஏன் இப்படி வந்தது, எந்த அளவை மாற்றினால் எது மாறும் என்று இயற்பியல் தெரிந்து வேலை செய்ய வேண்டும். பட்டப் படிப்பில் அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள்.

எம்ஆர்ஐயைப் பற்றி ஒரு விஷயம். அந்தக் காந்தம் ஸ்கேன் நடக்கும்போது மட்டும் வேலை செய்வதில்லை. ராத்திரி பூட்டிவிட்டுப் போனாலும் அது காந்தம்தான். காந்தத்தின் பலம் 1.5 டெஸ்லா என்றால் ஆக்சிஜன் சிலிண்டரை அறைக்குள் கொண்டு போனவுடன் பறக்கும். எனவே டெக்னீஷியனின் முதல் வேலை வாசலில் நின்று விசாரிப்பது. நம் பக்கத்தில் அது நீளமான விசாரணை. அரைஞாண் கொடி, தாயத்து, மெட்டி, சேலைப் பின், கீழக்கரைப் பெண்கள் தலைத்துணியில் குத்தும் ஊசி, பாட்டிகளின் பாம்படம். எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும், அதுவும் மனம் நோகாமல். படகு கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவர் வந்தால் கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்ததா என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. "எப்பவோ தெறிச்சது, அப்பவே சரியாப் போச்சு" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எக்ஸ்ரேயில் அந்தத் துணுக்கு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. காந்தம் அதை அசைத்திருந்தால் பார்வை போயிருக்கும்.

இன்னொன்று, இங்குள்ள சிறிய சென்டர்கள் பலவற்றில் ராத்திரியில் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், இருக்கமாட்டார். நாங்கள் எடுத்த படம் இணையம் வழியாக வேறு ஊருக்குப் போகும், அங்கிருந்து ரிப்போர்ட் வரும். அதுவரை அந்த அறையில் நோயாளிக்கு அருகில் இருப்பது டெக்னீஷியன் மட்டும்தான். படம் தெளிவாகத் தெரிவதற்காகக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்தால் அதை முதலில் பார்ப்பது நாம்தான். மருந்து ஏற்றுவதற்கு முன்னால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டியதும் நாம்தான்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் பி.எஸ்சி படித்துவிடலாமே? இங்கேதான் கடன் வருகிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பி.எஸ்சி, சந்தேகமே இல்லை. தனியாரில் லட்சக் கணக்கில் கட்டிப் படித்துவிட்டு, ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தால், முதல் சில வருடம் பட்டக்காரருக்கும் டிப்ளமோக்காரருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முதலாளி பார்ப்பது இரவு டியூட்டிக்கு ஆள் வருமா என்பதைத்தான். படகுக் கடனோடு படிப்புக் கடனும் சேர்ந்தால் அந்த வீடு தாங்காது. ஊரோடு இருக்கப் போகிற பிள்ளைக்குக் கடன் வாங்கிய தனியார் பட்டத்தைவிடக் கடனில்லாத அரசு டிப்ளமோ மேல். இது என் தீர்ப்பு, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

அரபு நாடு என்றால்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் பேச்சு வேறு. அங்கே படிப்பு என்றாலே அடுத்த வார்த்தை பாஸ்போர்ட். கீழக்கரையில் என் கூட்டாளி ஒருவன், என்னோடு டிப்ளமோ படித்தவன், சவூதிக்குப் போனான். அங்கே சுகாதாரத் தொழிலாளர்களை ஓர் ஆணையம் வகைப்படுத்துகிறது. டிப்ளமோ என்றால் டெக்னீஷியன், பட்டம் என்றால் ஸ்பெஷலிஸ்ட். இரண்டு பேரும் ஒரே மெஷினில்தான் நிற்பார்கள், சம்பளச் சீட்டு மட்டும் வேறு. "காக்கா அன்னைக்கே சொன்னாரு பட்டம் படின்னு, நான்தான் கேக்கலை" என்று இன்னமும் போனில் அங்கலாய்க்கிறான். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வெளிநாடுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தால், மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புள்ள தனியார் கல்லூரியானாலும் பட்டத்துக்கே போங்கள். கடன் வாங்குவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிற ஒரே இடம் இதுதான்.

ஆனால் பட்டம் வாங்கியதும் விமானம் ஏற முடியாது. இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ப்ரோமெட்ரிக் என்கிற கணினித் தேர்வு இருக்கும். அதற்கும் மேல் டேட்டாஃப்ளோ, முதலில் சொன்னேனே, படிப்பைச் சரிபார்க்கும் அந்தக் கம்பெனி. நம் கல்லூரிக்கும், நாம் வேலை பார்த்த இடத்துக்கும் அவர்களே நேராக எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லாத சென்டரில் வேலை பார்த்த வருடங்கள் அங்கே கணக்கில் வராது. ஆகவே எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் நியமனக் கடிதமும் அனுபவச் சான்றும் கையில் வாங்குங்கள்.

பெயர் இன்னொரு தொல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வாப்பா பெயரை விரித்து எழுதி ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் எழுத்து மாறி ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதற்குள் விசா காலாவதியாகிவிடும். ப்ளஸ் டூவிலேயே எழுத்துகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அல்ட்ராசவுண்ட் கோர்ஸ் என்ற கண்ணி

அந்த அக்கா கொண்டு வந்த நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான். ஆறு மாதத்தில் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன். இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் சோனோகிராபருக்கு எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் வரும். அங்கே அது உண்மைதான். டெக்னீஷியனே ஸ்கேன் செய்வார், டாக்டர் ரிப்போர்ட் எழுதுவார்.

நம் நாட்டில் அப்படியில்லை. கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்க 1994-இல் பிசிபிஎன்டிடி சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினையும் பதிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்பவர் தகுதியும் பயிற்சியும் பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் விவரத்தைப் படிவம் எஃப்-இல் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதக் கோர்ஸ் முடித்த பிள்ளை வயிற்றில் வைத்து ஸ்கேன் பார்க்கும் அந்த ப்ரோபைக் கையில் எடுத்தால் அவளும் மாட்டுவாள், சென்டரும் மாட்டும். அவளுக்குக் கிடைக்கப் போகிற வேலை, வயிற்றில் ஜெல் தடவுவதும் படிவம் நிரப்புவதும். அதற்கு ஆறு மாதமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

மற்றவை

ஆன்லைனில் பி.எஸ்சி ரேடியாலஜி என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி 2025-இல் சொல்லிவிட்டது. ரேடியோதெரபி டெக்னாலஜி நல்ல படிப்பு. ஆனால் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் மெஷின் இருக்கிற ஊர்களில்தான் வேலை, அதனால் மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ குடிபோகத் தயாராக இருக்க வேண்டும். கார்டியாக் டெக்னாலஜி படித்தவர்கள் இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேபில் நிற்பார்கள், ஊரில் தேவை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அங்கே எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளேயே நிற்க வேண்டும், ஈய அங்கியின் கனம் தோளில் தெரியும்.

எங்கே தங்கிப் படிப்பது என்பதும் முடிவில் பாதி. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் இந்த மாவட்டப் பிள்ளைகளுக்கு மதுரைதான் கிட்டத்து மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று, ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். தீவுப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. இப்போது வருகிறது. ஆனாலும் தினமும் போய் வருவது நடக்காத காரியம், காலை எட்டு மணி டியூட்டிக்கு எட்டு மணிக்கு நிற்க வேண்டும். விடுதிச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். விடுதிச் செலவில் ஒரு பங்காவது கழியும்.

அந்த அக்கா கேட்ட கடைசிக் கேள்வி

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக வந்து கேட்டார். "இந்தக் கதிரு பட்டா பின்னால புள்ள பொறக்காதுங்குறாகளே, நெசமா தம்பி?"

இதைக் கேட்காத தாயை நான் இன்னும் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது நாங்கள் ஈயச் சுவருக்குப் பின்னால்தான் நிற்போம். பட்டனை விட்டதும் கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் தங்காது. நெஞ்சில் டிஎல்டி என்று ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம், ஈய அங்கி போட்டால் அதற்கு உள்பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு பட்டது என்று பார்ப்பார்கள். ஏஇஆர்பி வைத்திருக்கும் எல்லை, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோருக்கும் இயற்கையாகவே உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் என் பேட்ஜ் கணக்கு அந்த 20-க்குக் கிட்டவே போனதில்லை. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி டியூட்டியை மாற்றித் தர வேண்டும்.

பயப்பட வேண்டியது பேட்ஜே கொடுக்காத இடத்தைப் பார்த்துத்தான். அப்படியும் சென்டர்கள் இருக்கின்றன. வேலைக்குச் சேரும் நாளில் "என் பேட்ஜ் எங்கே?" என்று கேட்கிற தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்று சொன்னேன். அக்கா சிரித்தார். "அது கேப்பா. வீட்டுல என்னையவே கேக்குறா."

அந்தப் பெண்ணிடம் ஒரு வேலை கொடுத்தேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே அறை வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். போனாள். திரும்பி வந்து, "அண்ணே, ஒங்க வேலையில பாதி, ஆளத் தூக்கிப் படுக்க வைக்கிறதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். முழங்கால் ஒடிந்த பாட்டி, வாந்தி எடுத்த குழந்தை, குடித்துவிட்டு வந்து படுக்க மறுத்தவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகம் சுளித்தாளா என்று பார்த்தேன். இல்லை. "ஈரப் பாசி மூட்டைய விடவா கனம்?" என்று கேட்டாள்.

பி.எஸ்சி, டிப்ளமோ இரண்டுக்கும் ஒன்றாக விண்ணப்பம் போட்டோம். வரிசையில் மதுரை பி.எஸ்சி முதலில், அது கிடைக்காவிட்டால் அரசு டிப்ளமோ எந்த ஊரானாலும். தனியாருக்குப் போடவில்லை. கலந்தாய்வு இழுத்துக்கொண்டே போனது, இரண்டு முறை நோட்டீஸ்காரர்களிடமிருந்து போன் வந்தது, தடைக்காலமும் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இடம் வந்தது டிப்ளமோவில்தான். சேர்க்கைக்கு அவள் எடுத்துக்கொண்டு போன கோப்பில் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த நாலாக மடித்த நோட்டீஸும் அதில் இருந்தது. அதன் பின்பக்கத்தில்தான் மதுரை பஸ் நேரங்களை எழுதி வைத்திருந்தாள்.